ஆப்பம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்

இசைவாணிக்கு இரண்டாவது கல்யாணம் முடித்துவிட வேண்டும் என்பதில் அவளைவிடக் கருப்பம்மாளுக்குத்தான் அவசரம். இருவரும் வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில், பேக்கிங் ரூமில் வேலை பார்த்தார்கள். கருப்பம்மாளுக்குக் கையும் ஓயாது, வாயும் ஓயாது. பெட்டிக்குள் மத்தாப்பை அடுக்கிக்கொண்டே அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் யார் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள் என்று ஒப்பித்துவிடுவாள்.

"சிவகாசில ஆப்செட் மெஷின் ஓட்டுறாரு. பேரு முனியராஜ். பொண்டாட்டி மஞ்சக்காமாலைல போயி நாலு வருசமாச்சு. குடி கெடையாது, பிள்ளகுட்டி கெடையாது. ஒனக்கும் அப்படித்தான?"

"எனக்குக் குடி கெடையாதுங்கீகளா?" என்றாள் இசைவாணி.

"பிள்ளகுட்டியச் சொன்னேன்டி."

ரூமில் இருந்த மற்ற பெண்கள் சிரித்தார்கள். இசைவாணியும் சிரித்தாள். அவளுக்கு நாற்பதை எட்ட இன்னும் ஓரிரு வருஷம் இருந்தது. அவள் புருஷன் மாரிக்கண்ணன் இறந்து போய் வெகுநாளாகிவிட்டது. பட்டாசுக் கம்பெனி ஊர் என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் விபத்தா என்று கேட்பார்கள். விபத்துதான். ஆனால் கம்பெனியில் இல்லை. சாத்தூர் ரோட்டில் மண் லாரி மோதியது. அதற்குப் பிறகு அவள் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. மாரிக்கண்ணனின் அம்மா இருளம்மாளோடு அதே வீட்டில் இருந்துகொண்டாள். இருளம்மாளுக்கு வேறு பிள்ளைகள் இல்லை.

கருப்பம்மாள் விடவில்லை. முனியராஜை வீட்டுக்கு வரச் சொன்னால் தெருவே வாசலில் வந்து நிற்கும். சிவகாசியில் வைத்துப் பார்த்துக்கொண்டால் கம்பெனியில் வேலை செய்பவள் எவள் கண்ணிலாவது பட்டுவிடும். விருதுநகர் என்றால் யாருக்கும் யாரையும் தெரியாது என்று அவளே இடத்தையும் முடிவு செய்தாள். ரயிலடிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டல் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஆப்பம் பிரமாதமாக இருக்கும் என்றும் சொன்னாள்.

"போயி ஒரு நேரம் சேந்து சாப்புட்டு வாங்க. பிடிச்சா மேல பேசுவோம். பிடிக்கலைன்னா பலகாரம் தின்னதாப் போகட்டும்."

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இசைவாணி விடியும் முன்னால் எழுந்து மாமியாருக்குச் சோறாக்கி, துவையல் அரைத்து மூடிவைத்தாள். சேலை மாற்றிக்கொண்டு கிளம்பியவளை இருளம்மாள் கட்டிலில் இருந்தபடி பார்த்தாள்.

"எங்க?"

"விருதுநகருக்கு."

"எதுக்கு?"

"சாப்புட."

"இங்கன சோத்துக்கு என்ன பஞ்சம்?" என்று கேட்டாள் இருளம்மாள். உண்மையைத்தான் சொன்னாள் என்று கிழவி நம்பவில்லை. இசைவாணியும் நம்பவைக்க முயலவில்லை. ரோஸ் நிறம் அடித்த டவுன் பஸ்ஸில் சிவகாசி வந்து, அங்கிருந்து பஸ் மாறி விருதுநகர் வந்து இறங்கினாள்.

தங்கம் டிபன் சென்டர் மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றை ஒட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கி பூட்டியிருந்தாலும் நெடி பூட்டிக் கிடக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே தும்மிவிடுவார்கள். இசைவாணியும் தும்மினாள். கல்லாவில் இருந்த கடைக்காரர் தங்கச்சாமி, "வாங்கம்மா, உள்ள போயிட்டா சரியாயிரும்" என்றார். உள்ளே நாலைந்து மேசைகள். ஒரு மேசை ஒரு குடும்பத்துக்கு என்ற வழக்கமெல்லாம் அங்கே இல்லை. காலியான இடத்தில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில், ஆப்பம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று சுண்ணாம்புக்கட்டியில் எழுதியிருந்தது.

முனியராஜ் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை. நகக்கண்களில் மை ஏறி நிரந்தரமாகிவிட்ட கை. மின்விசிறிக்கு நேராக இருந்த நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். அதே மேசையில் ரயிலுக்குப் போகிற வயதான தம்பதி ஒன்று பூரி தின்றுகொண்டிருந்தது.

"என்ன சாப்புடுறீக?" என்று கேட்டார் முனியராஜ்.

அவள் கரும்பலகையைப் பார்த்தாள். வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்பவள் அவள்தான்.

"ஆப்பம்" என்றாள் கடைசியில்.

ஆப்பம் வந்தது. ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று, தேங்காய்ப்பாலோடு. அவள் தின்று முடிப்பதற்குள் அடுத்தது ஆப்பச்சட்டியில் வெந்துகொண்டிருந்தது. அதுவும் சூடாகவே வந்தது. எல்லோரும் தின்று எழுந்த பிறகு அடுப்படியில் குத்தவைத்து ஆறிப்போனதைத் தின்று பழகியவள் அவள். அன்றைக்கு அவள் முன்னால் இலை விரித்து, கேட்டுக் கேட்டுப் போட்டுவிட்டு, எச்சில் இலையையும் வேறொருவர் எடுத்துக்கொண்டு போனார். முனியராஜ் இட்லியைச் சட்னி தொடாமல் தின்றுவிட்டு வெந்நீர் வாங்கிக் குடித்தார். கூச்சப்படுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கல்யாணத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. எதிரே பூரி தின்பவர்களை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? காலண்டர் வேலையைப் பற்றி அவர் சொன்னார். சாமி படத்துக்கு மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும் என்று எல்லா பார்ட்டியும் கேட்பார்களாம். "முகம் மஞ்சளா இருந்தாத்தான் லச்சுமின்னு ஒத்துக்கிடுறாக" என்றார். பூரி தின்ற கிழவர் அதற்குத் தலையாட்டினார்.

அடுத்த வாரமும் வர முடியுமா என்று கருப்பம்மாள் வழியாகக் கேட்டு அனுப்பினார். இசைவாணி போனாள். பிறகு கருப்பம்மாள் நடுவில் தேவைப்படவில்லை. வெயில் காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் அந்தக் கடையில் சந்தித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் அவர் வண்டி பஞ்சராகித் தாமதமாக வந்தபோது அவள் பாதி சாப்பிட்டிருந்தாள். காத்திருக்கவில்லையே என்று அவர் முகம் சுளிக்கவில்லை. இன்னொரு வாரம் பக்கத்து மேசையில் ஒரு ஆள் தும்மப் போய்ச் சாம்பார் வாளிக்குள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிட்டான். தங்கச்சாமி அதைக் கரண்டியால் எடுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினார். முனியராஜ் சத்தம் போடாமல் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. சனிக்கிழமை சாயந்திரம் கம்பெனி வண்டியில் திரும்பும்போதே மறுநாளைக்கு எந்தச் சேலை என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

வைகாசியில் ஒருநாள் அவர்கள் மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. முனியராஜ் வெந்நீர் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆவணில வச்சுக்கிடலாமா?" என்றார்.

இசைவாணி சரி என்று சொல்லத்தான் இருந்தாள். வாயில் ஆப்பம் இருந்தது. அதை விழுங்குவதற்குள் அவர் தொடர்ந்தார்.

"ஒங்க மாமியார் தனியாக் கெடக்க வேண்டாம். அவுகளும் நம்மகூடவே இருக்கட்டும். வீடு பெரிசுதான். இனிமே இந்த அலைச்சலும் வேண்டாம்ல. ஒங்களுக்காகத்தான் இம்புட்டு நாளும் பல்லக் கடிச்சுக்கிட்டு வந்தேன்."

"எந்த அலைச்சல்?"

"இந்த ஓட்டல் சாப்பாடுதான். அவ போனதுல இருந்து மூணு வேளையும் ஓட்டல். சோடா உப்பு வாசம் வந்தாலே வயித்தப் பெரட்டுது எனக்கு. வீட்டுல ஒரு ரசம் வச்சு, ஒரு தொவையல் அரைச்சு, ஒருத்தி கையால வாங்கிச் சாப்புடணும். வேற பெரிய ஆசை எதும் இல்லைங்க."

சொல்லும்போது அவர் கண் லேசாகக் கலங்கியது. மனதில் உள்ளதை மறைத்துப் பேசத் தெரியாத மனிதர் அவர். இசைவாணி இலையைப் பார்த்தாள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தபோது அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவள். அப்பாவுக்கு, அண்ணன்களுக்கு, புருஷனுக்கு, மாமனாருக்கு, மாமியாருக்கு என்று ஆள்தான் மாறியது. யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. ருசியாகச் செய்கிறாய் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

"ஞாயித்துக்கெழம மட்டும் வெளிய சாப்புட்டா என்ன?" என்று கேட்டாள்.

முனியராஜ் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார். "ஞாயித்துக்கெழமதாங்க எனக்கு லீவு. மத்த நாளு டிபன் பாக்ஸ்ல கொண்டுபோயித் திங்கப்போறேன். அன்னைக்காவது எலை போட்டு வீட்டுல உக்கார வேண்டாமா?"

அதில் தப்புச் சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அவர் வழக்கம்போலப் பஸ் ஏற்றிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க யோசித்தாள். மாமியாரைக் காரணம் காட்டலாம் என்றால் அவளையும் சேர்த்துக்கொள்வதாக அவரே சொல்லிவிட்டார். அவரைப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம் என்றால் அது பொய். மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்த்தபோதெல்லாம் அவள் மனதில் வந்து நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைதான்: அவர் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார், அவள் ரசச் சட்டியோடு நிற்கிறாள். அவர் சந்தோஷமாக இருக்கிறார். அவள் விருதுநகரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடிக்குப் போய் அவளே அவருக்குப் போன் செய்தாள்.

"வேண்டாங்க. கோவிச்சுக்கிடாதீக."

மறுமுனையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "நான் எதும் தப்பாச் சொல்லிட்டேனா?" என்றார் முனியராஜ்.

"இல்ல. நீங்க சரியாத்தான் சொன்னீக."

"சரிங்க" என்றார். பிறகு, "ஒடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

காரணத்தைக் கேட்ட கருப்பம்மாளுக்குத்தான் ஆறவில்லை. "ஆப்பத்துக்காகவாடி ஒரு ஆம்பளைய வேண்டாங்குற?" என்று ரூமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

"அப்படித்தான்னு வச்சுக்கோங்க மதினி."

செய்தி இருளம்மாள் காதுக்கும் போனது. சாயந்திரம் இசைவாணி வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கிழவி பின்னால் வந்து நின்றாள்.

"வேண்டாம்னுட்டியாமே. எனக்காகவா?"

"இல்ல."

"இல்லன்னா சரி" என்றாள் இருளம்மாள். அது நிம்மதியா வருத்தமா என்று அவள் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பிட்ட வட்டிலைத் தானே எடுத்துப்போய்க் கழுவினாள்.

இசைவாணிக்கு வருத்தம் இருந்தது. சில நாட்கள் பெட்டியில் லேபிள் ஒட்டும்போது, இதை அவர் மெஷினில் அடித்திருப்பாரோ என்று பார்ப்பாள். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கிளம்பிவிட்டாள். தனியாக ஒரு பொம்பளை ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது அந்தக் கடைக்கும் புதிதுதான். தங்கச்சாமி வாசலை எட்டிப் பார்த்து, "சார் வரலையா?" என்றார். "வரல" என்றாள். எதிரே வந்து உட்கார்ந்த ஒரு ஆள் அவளையும் பக்கத்து நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆளு வருதாம்மா?" என்று கேட்டான். "நீங்க உக்காருங்க" என்றாள். அவன் வேறு மேசைக்குப் போய்விட்டான். மறுவாரமும் போனாள். ஆடி பிறப்பதற்குள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். தங்கச்சாமி அவளைக் கண்டதும் மாஸ்டரிடம், "வெம்பக்கோட்டையம்மாவுக்கு ஆப்பம்" என்று குரல் கொடுப்பார்.

ஆடிப் பதினெட்டுக்குப் பூசை போட்டதும் சீசன் ஆரம்பித்தது. தீபாவளி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனிதான். ஆர்டர் குவிந்து கிடந்தது. விருதுநகரை நினைக்கவே நேரமில்லை. ஆவணியில் முனியராஜுக்குக் கல்யாணம் நடந்தது. ஆலங்குளத்துப் பெண், பேர் பாண்டிச்செல்வி. அதையும் கருப்பம்மாள்தான் பேசி முடித்தாள். கல்யாணத்துக்குப் போய்வந்து பந்தியில் என்னென்ன போட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். இசைவாணி கேட்டுக்கொண்டே பெட்டிகளை அடுக்கினாள். கொஞ்சம் வலித்தது. நல்லபடியாக முடிந்ததே என்றும் இருந்தது.

தீபாவளி கழிந்து, கம்பெனி சில வாரம் பூட்டிக் கிடந்து, மறுபடி திறந்தார்கள். மறுபடி ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குக் கிடைத்தன.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் சமயத்தில் விருதுநகரில் கால் வைக்க இடமில்லை. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் அக்கினிச்சட்டி பார்க்க வந்திருந்தார்கள். கடையும் நிரம்பி வழிந்தது. இசைவாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தங்கச்சாமி இரண்டு பேரை அவள் மேசைக்குக் கைகாட்டி அனுப்பினார். நிமிர்ந்து பார்த்தாள். முனியராஜும், தலை நிறையப் பூ வைத்த ஒரு பெண்ணும்.

முனியராஜ் ஒரு நொடி தயங்கிவிட்டு உட்கார்ந்தார். "நல்லா இருக்கீகளா?" என்றார்.

"இருக்கேன். நீங்க?"

"இருக்கோம்." முகம் சதை போட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு மறைந்திருந்தது. "இது பாண்டிச்செல்வி" என்றார். பிறகு அவளிடம், "இவுக இசைவாணி. வெம்பக்கோட்டைப் பக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பாண்டிச்செல்விக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. "அக்கினிச்சட்டி பாக்க வந்தோம்க்கா. இவுகளுக்கு ஓட்டல்னா ஆகாது. அதுனால வெள்ளன எந்திரிச்சு இட்லி அவிச்சுக் குடுத்துட்டேன். எனக்குத்தான் திங்க நேரமில்லாமப் போச்சு. இங்கன என்ன நல்லாருக்கும்?"

"ஆப்பம் சாப்புடுங்க."

அவள் ஆப்பம் சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டாள். பிறகு மறுபடியும் கேட்டாள். முனியராஜ் வெந்நீர் குடித்தபடி மனைவியை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுப் பிடிக்குமா ஒனக்கு? வீட்டுல சுட்டா ஒண்ணோட எந்திரிச்சிருவியே?"

"வேற யாரு சுட்டாலும் பிடிக்கும்" என்றாள் பாண்டிச்செல்வி, வாயில் வைத்துக்கொண்டே.

இசைவாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தாள். வண்டி நிறுத்திய இடத்தைப் பார்த்துவருவதாக முனியராஜ் எழுந்து போனதும் பாண்டிச்செல்வி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அக்கா, நீங்க வாராவாரம் வருவீகளா?"

"வருவேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"நம்பரைச் சொல்லுங்க."

அடுத்த சனிக்கிழமை போன் வந்தது. "நாளைக்கு இருப்பீகளா? இவுகளுக்குச் செஞ்சு மூடி வச்சுட்டு நானும் வாரேன்."

இசைவாணிக்குச் சங்கடமாக இருந்தது. "அவுகளுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். சரி, போயிட்டு வான்னுட்டாக."

வரவேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் இல்லை. ஆனால் மறைத்துவைத்துக்கொண்டு எதிரே உட்கார முடியாது என்று முடிவு செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் இலை முன்னால் உட்கார்ந்ததும், ஆப்பம் வருவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொல்லணும் ஒங்ககிட்ட."

"அவுகளுக்கு மொதல்ல ஒங்களத்தான் பேசுனாக. அதானே?" என்றாள் பாண்டிச்செல்வி. "கல்யாணத்தன்னைக்கே தெரியும்க்கா. கருப்பம்மா மதினி சொல்லாம விடுவாகளா? ஆனா ஏன் வேண்டாம்னீகன்னு கேட்டா மட்டும் வாயத் தெறக்க மாட்டேங்குறாக. சொன்னா நான் சிரிப்பேனாம்."

"நீங்க சிரிச்சாலும் சிரிப்பீக."

"அவுக நல்ல மனுசந்தான்க்கா."

"நல்ல மனுசந்தான். நான் சமைச்சு அலுத்துப்போயிட்டேன். அவுக ஓட்டல்ல தின்னு அலுத்துப்போயிட்டாக. அம்புட்டுத்தான்."

பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. தேங்காய்ப்பால் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து விரலால் ருசி பார்த்தாள். "எனக்குச் சமைக்கப் பிடிக்கும்க்கா. எங்க வீட்டுல அம்மா அடுப்புப் பக்கமே விடமாட்டா. இப்பத்தான் ஆசதீரச் சமைக்கேன். அவுகளும் ரசிச்சுத் திங்காக. ஆனா வாரத்துல ஒரு நாளு யாராச்சும் நம்மள என்ன சாப்புடுறன்னு கேட்டா நல்லாத்தான இருக்கும்?"

அன்றைக்கு அவள் நிறையப் பேசினாள். ஆலங்குளத்துச் சிமெண்ட் தூசியைப் பற்றி, அவள் அண்ணன் பெண்டாட்டியைப் பற்றி, முனியராஜ் தூக்கத்தில் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்துவதைப் பற்றி. அதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இசைவாணிக்கு ஆசை இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டாள். ஒரு இடத்தில் அவர் என்ன நிறக் கைலி கட்டுவார் என்று தானே கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று நினைத்தாள். பாண்டிச்செல்வி சாதாரணமாக, "பச்சை" என்றாள்.

சிவகாசி வரைக்கும் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். வயிறு நிறைந்த மயக்கத்தில் பாண்டிச்செல்வி திருத்தங்கல் வருவதற்குள் தூங்கிப்போனாள். தலை ஆடி ஆடி இசைவாணியின் தோளில் வந்து சாய்ந்தது. பூ வாடி வாசம் கனத்திருந்தது. இசைவாணி தோளை நகர்த்தாமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். வெயில் ஏறியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பியபோது அவள் கையைத் தொட்டு, "எந்திரிங்க, எடம் வந்துருச்சு" என்றாள்.